தம்தம்மில் தண்ணீர் கேட்டவர்

1857 என்றால் நமக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தந்தது கொழுப்புத் தடவிய தோட்டா. பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, சிப்பாய்களின் கொதிப்பு. அந்தத் தோட்டாவைச் செய்த கை யாருடையது என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். கையால் வார்ப்பவர்கள் இரும்புச் சட்டியில் உருக்கி, மிதக்கும் கசடை வழித்தெறிந்து, சூடேற்றிய அச்சில் கரண்டியால் ஊற்றுவார்கள். நீட்டி நிற்கும் துண்டை வெட்டிவிட்டால் குண்டு தயார். காரீயம் உடம்பில் தங்கும் நஞ்சு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த என்ஃபீல்டு ரைஃபிளின் குழல் 0.577 அங்குல விட்டம். உள்ளே புரி வெட்டியிருக்கும். குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது, அடிப்பக்கம் குழிவானது. மருந்து வெடிக்கும்போது மெத்தென்ற காரீயம் விரிந்து, புரியைப் பற்றிச் சுழன்று பாயும். குண்டையும் அளந்த வெடிமருந்தையும் காகிதத்தில் சுருட்டினால் தோட்டா. குண்டு இருக்கும் முனையில்தான் கொழுப்பு. குழலில் எளிதாக இறங்குவதற்காக. சிப்பாய் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைச் செருகி, கம்பியால் இடித்து இறக்க வேண்டும்.

1857 ஜனவரி. கல்கத்தாவுக்கு அருகே தம்தம். ஆயுதக் கிடங்கின் தொழிலாளி ஒருவர், தாழ்த்தப்பட்ட சாதியினர், ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவருடைய லோட்டாவில் தண்ணீர் கேட்டார். சாதியைக் காட்டி சிப்பாய் மறுத்தார். சீக்கிரமே பசு, பன்றிக் கொழுப்பைக் கடிக்கப்போகிறாய், அப்போது உன் சாதி போய்விடும் என்று தொழிலாளி திருப்பிச் சொன்னார். ஜனவரி 22 அன்று கேப்டன் ரைட் மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. அதில் அவர் வெறும் 'கலாசி'. பெயர் இல்லை. வட இந்திய தலித் எழுத்துகள்தான் அவரை மாதாதீன் பங்கி என்று அழைக்கின்றன. மங்கள் பாண்டேவுக்கோ 1984-இல் தபால்தலையே வந்தது.

மாதாதீனை முதல் புரட்சியாளர் என்று கொண்டாடும் தோழர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. அவரைத் தேசபக்தராக்கும் அவசரத்தில் அவருடைய தாகம் காணாமல் போகிறது. கேப்டனின் கடிதத்தில் அவர் நாட்டுக்காகப் பேசவில்லை. தண்ணீர் கேட்டார், அவமானப்பட்டார், பதிலடி கொடுத்தார். மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்த 1927 மார்ச் 20-க்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அதே தண்ணீர்ச் சண்டை ஒரு ஆயுதக் கிடங்கின் வாசலில் நடந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு: கிடங்குத் தொழிலாளியின் கை பட்ட தோட்டாவைச் சிப்பாய் வாயில் வைப்பார், அதே கைக்கு லோட்டாவைத் தரமாட்டார்.

கம்பெனி அரசு வேகமாகத்தான் செயல்பட்டது. ஜனவரி 27 அன்றே உத்தரவு வந்துவிட்டது: தோட்டாக்கள் கொழுப்பில்லாமல் வழங்கப்படும், சிப்பாய்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே தடவிக்கொள்ளலாம். லோட்டாவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.