சுழியோடல்: இலங்கை மலையக நீர்நிலைகளில்

சுழியோடல் என்பது நீருக்கடியில் மூச்சடக்கியோ காற்றுக்கலன் கொண்டோ இறங்கிப் பணிபுரிதல், தேடுதல், படமெடுத்தல் ஆகியவற்றைக் குறிக்கும். தமிழகத்தில் முக்குளித்தல், மூழ்குதல் என்பர். நீரின் போக்கை அறிந்து இறங்கும் திறனைச் சுட்டுவதால் இலங்கைத் தமிழரின் ‘சுழியோடல்’ என்ற சொல்லே பொருத்தமானது. இலங்கையில் இது கரையோரத்துக்கு உரியதாகவே கருதப்பட்டு வந்தது. ஆனால் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள நீர்த்தேக்கங்களிலும் இது நடைபெறுகிறது. அங்கு நீரின் ஆழத்தோடு நிலத்தின் உயரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வரலாறு

சங்கப் பாடல்கள் மன்னார் வளைகுடாக் கரையிலிருந்த கொற்கைத் துறையின் முத்தைப் பாடுகின்றன. அவ்வளைகுடாவின் முத்துக்குளிப்பில் தமிழகக் கரையோரத்தாரும் அரபிகளும் ஈடுபட்டனர். சுழியோடி கயிற்றில் கட்டிய கனத்த கல்லின் மேல் ஒரு காலை ஊன்றி, ஐந்து முதல் ஒன்பது பாகம் (ஃபாதம்) ஆழத்துக்கு இறங்குவார். அரபிகள் மூக்கைக் கவ்வியால் அடைத்துக்கொண்டனர். தமிழர் கையாலேயே பொத்திக்கொண்டனர். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு கயிற்றை இழுத்தால், தோணியில் நிற்கும் துணையாள் தூக்கிவிடுவார். சுறா அண்டாதிருக்க மந்திரம் ஓதும் கடற்கட்டி கரையில் இருப்பார். அவர் இல்லாமல் சுழியோடிகள் கடலில் இறங்கமாட்டார்கள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பு பெரும் வருவாய் தந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சிப்பிப் பார்கள் வற்றின.

தமிழகத்திலிருந்து வந்த மலையகத் தமிழரின் முன்னோர் பலர் வந்திறங்கியதும் இதே மன்னார்க் கரையில்தான். முத்துக் கரையில் கால்வைத்து, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அவர்கள் கோப்பித் தோட்டங்களையும் பின்னர் தேயிலைத் தோட்டங்களையும் உருவாக்கினர்.

நீரடிக் காட்சியைப் பதிவுசெய்யும் முயற்சியிலும் இலங்கை முந்தியது. ஆஸ்திரிய ஓவியரான யூஜென் வொன் ரான்சொனே 1864–65இல் காலிக் கடலில் இரும்புச் சுழியோடல் மணிக்குள் அமர்ந்து, குழாய்வழி வந்த காற்றைச் சுவாசித்தபடி, கண்ணாடிச் சாளரத்தினூடே பவளப் பாறைகளை வரைந்தார். 1867இல் வெளிவந்த அவரது நூல் தாழ்நிலத்தோடு மலைநாட்டையும் சித்திரித்தது. கரையையும் மலையையும் ஒரே ஏட்டில் சேர்த்தவர் அவர்.

1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யனும் தேவைக்கேற்பக் காற்றுத் தரும் கருவியை (ரெகுலேட்டர்) உருவாக்கிய பின் இத்துறை விரிந்தது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், அவருடைய சக சுழியோடிகளான மைக் வில்சன், ரொட்னி ஜொங்க்லாஸ் ஆகியோர் இலங்கையில் அதைப் பரப்பினர். 1956இல் திருகோணமலை சுவாமி மலையடியில், போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் வில்சனும் கிளார்க்கும் கண்டு படமெடுத்தனர். 1961இல் தென்கிழக்குக் கடலிலுள்ள பெரிய பாசஸ் பாறைத்திட்டில் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. நீரடிக் காட்சிகளுடன் 1962இல் வெளிவந்த ‘ரன் முத்து தூவ’ முதல் வண்ணச் சிங்களப் படமாகும். அதை உருவாக்கிய வில்சன் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார்.

மலையக நீர்நிலைகள்

நீர்மின்சாரத் திட்டங்களுக்காக கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கமும் (1965), மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலை நீர்த்தேக்கமும் (1969) கட்டப்பட்டன. முன்னது சுமார் 1,100 மீட்டர் உயரத்திலும் பின்னது சுமார் 1,170 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மவுசாகலையில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வடியும்போது, அங்கிருந்த கோயிலும் பிற வழிபாட்டிடங்களும் வெடித்த சேற்றுக்கு நடுவே சுவர்களாக எழுகின்றன. மக்கள் இறங்கிப்போய்ப் பார்க்கிறார்கள். மலையகத்தில் மூழ்கிய நகரம் ஒன்று இது.

கருவிகளும் உயரமும்

முகமூடி, துடுப்புக் காலணி, ரெகுலேட்டர், பெரும்பாலும் 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லீற்றர் சிலிண்டர், மிதப்பு மேலங்கி, ஈயப் பட்டி, அழுத்தமானி, ஆழமானி என்பன அடிப்படைக் கருவிகள். மலையகத்தின் குளிர்நீருக்குத் தடித்த நியோபிரீன் உடையும் தேவை. நன்னீரில் மிதப்பு குறைவதால் கடலில் கட்டும் ஈயத்தைவிடக் குறைத்தே கட்ட வேண்டும்.

மவுசாகலை உயரத்தில் வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 13 வீதம் குறைவு. எனவே அங்கு 20 மீட்டர் இறங்கியவர், நீரடியில் தங்கும் நேரத்தைக் காட்டும் சுழியோடல் அட்டவணையில் 23 மீட்டருக்குரிய நேரத்தையே கைக்கொள்ள வேண்டும். மூடிய வகை ஊசி ஆழமானி அங்கு உண்மை ஆழத்தைவிட ஒரு மீட்டருக்கு மேல் குறைத்துக் காட்டும். அதை நம்புவோர் தாம் அறியாமலே ஆழத்துக்குப் போய்விடுவர். உயரத்தைத் தானே கணிக்கும் டைவ் கம்ப்யூட்டர் இங்கு ஆடம்பரம் அல்ல.

கடலில் சுழியோடிவிட்டு அன்றே மலையேறுவதும் ஆபத்தானது. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே செல்வது விமானத்தில் பறப்பதற்குச் சமம். உடலில் கரைந்த நைதரசன் குமிழியாகி மூட்டுவலி, மரத்துப்போதல், முடக்கம் ஆகியவற்றை உண்டாக்கலாம். விமானப் பயணத்துக்கான சர்வதேசப் பரிந்துரையே இதற்கும் பொருந்தும்: ஒருமுறை மட்டும் இறங்கியவர் 12 மணித்தியாலமும், பலமுறை அல்லது பல நாள் இறங்கியவர் 18 மணித்தியாலமும் காத்திருக்க வேண்டும். காலையில் நிலாவெளியில் இறங்கியவர் இரவில் நுவரெலியாவில் தங்கக் கூடாது. சுற்றுலா வாகனம் ஓட்டுவோரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

குகை, கட்டடம், சுரங்கம்

சுழியோடிக்குத் தலைக்கு மேல் கூரை உள்ள எந்த இடமும் குகையே. வெலிமடைக்கு அருகிலுள்ள இஸ்திரிபுர குகையின் நீர், மூழ்கிய கோயிலின் உட்புறம், அணைக்கட்டின் சுரங்கவாய் மூன்றும் இவ்வகையில் அடங்கும். அடிப்படை விதிகள் ஐந்து:

1. குகைப் பயிற்சி பெற்றவரே நுழைதல்.
2. வெளிவாசலிலிருந்து அறாத வழிகாட்டிக் கயிறு கட்டுதல்.
3. காற்றில் மூன்றில் ஒரு பங்கில் போய், ஒரு பங்கில் திரும்பி, ஒரு பங்கை அவசரத்துக்கு வைத்தல்.
4. ஆளுக்கு மூன்று விளக்கு.
5. பயிற்சி எல்லைக்கு மேல் ஆழம் போகாமை.

வாசலின் பகல் வெளிச்சம் தெரியும் பகுதியைத் தாண்டினால் அது முழுக் குகைச் சுழியோடல். அதற்குரிய பயிற்சியே வேறு. மலைநாட்டு நீர்த்தேக்கங்களின் அடியில் தேயிலைச் சரிவுகளிலிருந்து கழுவிவந்த மண் படிந்திருக்கும். துடுப்பு ஒருமுறை தட்டினால் போதும், கையருகே உள்ள கயிறும் மறைந்துவிடும்.

சுரங்கவாய் இவற்றுள் மிகக் கொடியது. பத்து மீட்டர் ஆழத்தில், வெறுமையான சுரங்கத்துக்குள் திறக்கும் ஒரு சதுர அடி வழியை மறித்தவரை நீர் ஏறத்தாழ 900 கிலோ விசையுடன் அழுத்தும். அவரைக் கையால் இழுத்தெடுக்க இயலாது. மின்நிலையத்தாரிடம் சுரங்கவாயின் கதவை மூடச்செய்து, அது மூடியிருப்பதை உறுதிசெய்யாமல் எவரும் இறங்கக் கூடாது.

நீரடி ஒளிப்படம்

நீரில் முதலில் மறைவது சிவப்பு நிறம். சில மீட்டர் ஆழத்திலேயே அது மங்கிவிடும். கலங்கல் நீரில் கமராவின் மேலேயே பொருத்திய ஃபிளாஷ், மிதக்கும் மண்துகள்களைப் பனிபோல வெளுக்கக் காட்டும். ஆகவே விளக்கை நீண்ட கையில் பக்கவாட்டில் நிறுத்தி, பொருளுக்கு ஓர் அடி அருகில் போய் எடுப்பதே முறை. படத்துக்காகக் கயிற்றைக் கைவிடுவது எந்நிலையிலும் தகாது.

இன்றைய நிலை

பொழுதுபோக்குச் சுழியோடல் நிலையங்கள் ஹிக்கடுவ, உனவட்டுன, நிலாவெளி முதலிய கரையோரங்களில் இயங்குகின்றன. மலையகத்தில் அருவிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மூழ்கியோரைத் தேடக் கடற்படைச் சுழியோடிகள் வரவழைக்கப்படுகின்றனர்.