மார்பகக் கட்டிகளில் கொழுப்புப்புரத ஏற்பிகளும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும்

கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. அதனால் புரத உறை போர்த்திய பொதிகளாகவே அது இரத்தத்தில் செல்கிறது. அந்தப் பொதிகளைப் பிடித்து உயிரணுவுக்குள் சேர்க்கும் புரதங்களே கொழுப்புப்புரத ஏற்பிகள். எல்.டி.எல். ஏற்பி, எல்.ஆர்.பி.1, வி.எல்.டி.எல். ஏற்பி, எச்.டி.எல். பொதிகளைப் பிடிக்கும் எஸ்.ஆர்.-பி1 ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ஓயாமல் பிரியும் புற்றணுவுக்குப் புதிய சவ்வு வேண்டும். சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். மார்பகக் கட்டிகளில் இந்த ஏற்பிகள் ஆராயப்படுவது இதனால்தான்.

எல்.டி.எல். ஏற்பியைக் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். ஏற்பி பொதியைக் கவ்வி உள்ளே போகும், இறக்கிவிட்டு மேற்பரப்புக்குத் திரும்பும். ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம். உள்ளே கொலஸ்ட்ரால் நிறைந்துவிட்டால், நலமான அணு புதிய ஏற்பிகள் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். புற்றணுக்கள் பலவற்றில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துபோகிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 எழுத்து நீளமே கொண்ட ஆர்.என்.ஏ. துணுக்கு. புழு ஒன்றில் விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோர் இதன் செயலை 1993இல் வெளியிட்டனர். நோபல் பரிசு 2024இல் வந்தது. மரபணுவை இது தொடுவதில்லை. மரபணுவிலிருந்து புரதம் செய்யச் சொல்லிப் புறப்படும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இப்படிச் சொல்லலாம்: தறியில் பாவு ஏறியிருக்கிறது, பட்டும் இருக்கிறது, முதலாளி அனுப்பிய சீட்டு மட்டும் வழியில் மறிக்கப்பட்டுவிட்டது.

இத்துணுக்குகளுள் வியப்பானது மிர்-33ஏ. எல்.டி.எல். ஏற்பியைப் பெருக்க ஆணையிடும் எஸ்.ஆர்.இ.பி.எஃப்.2 மரபணுவின் உள்ளேயே இது பொதிந்திருக்கிறது. மரபணு விழித்தால் துணுக்கும் விழிக்கும். ஏற்பி கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்க, துணுக்கோ அதை வெளியேற்றும் ஏ.பி.சி.ஏ.1 புரதத்தை அடக்குகிறது. வாயிலைத் திறக்கும் கையே கொல்லைக் கதவைச் சாத்துகிறது. மிர்-148ஏ கல்லீரலில் எல்.டி.எல். ஏற்பியைக் குறைப்பது 2015இல் காட்டப்பட்டது. மார்பகக் கட்டிகள் பலவற்றில் இத்துணுக்கு அடங்கிக் கிடக்கிறது. ஆயினும் கல்லீரலில் கண்டதை மார்பகத்துக்கு அப்படியே ஏற்றிச் சொல்லக் கூடாது. கட்டியிலேயே அதை நிறுவ வேண்டும். மிர்-205இன் நிலையும் அதுவே. அது எல்.ஆர்.பி.1ஐ அடக்கி அணுக்களின் நகர்வைத் தடுப்பது 2009இல் மூளை, நுரையீரல் புற்றணுக்களில் காணப்பட்டது. மார்பகப் புற்றணுக்களில் அது எச்.இ.ஆர்.3 புரதத்தைக் கட்டுப்படுத்துவது தெரியும்.

கொலஸ்ட்ராலிலிருந்து உண்டாகும் 27-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தூண்டி மார்பகக் கட்டியை வளர்ப்பதை 2013இல் எலிகளில் கண்டார்கள். எண்ணெயை ஒதுக்கினால் கட்டி கரையும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பெருந்தவறு.

தமிழ்நாட்டுக்கு இந்த ஆய்வு அயலானதல்ல. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேடு, பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றை மார்பகப் புற்று முந்திவிட்டதைக் காட்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, எச்.இ.ஆர்.2 மூன்றும் இல்லாத வகை, மேலை நாடுகளைவிட இந்தியாவில் கூடுதல் பங்கு வகிக்கிறது. அந்த மூன்றையும் குறிவைக்கும் மருந்துகள் இவ்வகைக்கு உதவுவதில்லை. எல்.டி.எல். ஏற்பி மிகுந்திருப்பதாக ஆய்வுகள் சொல்லும் கட்டிகளில் இதுவும் ஒன்று. இங்குள்ள நோயாளிகளின் திசுக்களிலேயே இத்துணுக்குகளை அளந்தறிவது ஆகவேண்டிய வேலை.

காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா, புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை ஊரையடுத்த காரப்பேட்டையில் இயங்குகிறது. எந்த மருத்துவமனையானாலும், மார்பகப் புற்றுக்கு மருந்தைத் தேர்வது இன்றும் முதன்மையாக மேற்சொன்ன மூன்றின் சோதனையைக் கொண்டுதான், மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவீடு இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

மார்பகக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தார் சுற்றும் பெண்ணானாலும் வேறெங்கு இருப்பவரானாலும், கைக்குக் கட்டி தட்டுப்பட்டால், வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.