ஆசான் விட்டுச் சென்ற சொத்து

தந்தை வழியில் வீடு வரும், நிலம் வரும். ஆசான் வழியில் வருவது என்ன? அமெரிக்க நகர வரலாற்றாசிரியர் மூவரின் வாழ்வு இதற்கு விடை கூறும்.

அமெரிக்காவை உருவாக்கியது எல்லைப்புறத்து நிலமே என்று 1893-இல் அறிவித்தார் பிரெடரிக் ஜாக்சன் டர்னர். அறிஞர் உலகம் அதை நெடுங்காலம் வேதவாக்காகவே போற்றிற்று. காட்டைத் திருத்திய கோடரி மட்டுமா நாட்டை ஆக்கியது? ஆலைக்கும் அங்காடிக்கும், பள்ளிக்கும் பத்திரிகைக்கும் அதில் பங்கில்லையா? இக்கேள்விக்கு வழி திறந்தவர் ஆர்தர் ஷ்லெசிங்கர். 'நகரத்தின் எழுச்சி' என்னும் அவரது நூல் 1933-இல் வெளிவந்தது.

ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் அவரிடம் பயின்றவர் ஆஸ்கர் ஹேண்ட்லின். பிழைப்புத் தேடிக் குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1915-இல் புரூக்ளினில் பிறந்தவர். ஆசான் நகரத்தைக் காட்டினார். மாணவர் அந்நகரத்துச் சந்துகளுக்குள் நுழைந்தார். பஞ்சம் துரத்த அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, பாஸ்டனில் ஒண்டிக் கிடந்த ஏழைகளின் வரலாற்றை 1941-இல் நூலாக்கினார். குடியேறியோரைப் பற்றிய அவரது மற்றொரு நூலுக்கு 1952-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஹேண்ட்லினின் மாணவர் ஸ்டீபன் தேர்ன்ஸ்ட்ராம். உழைப்பவன் எவனும் உயர்ந்து செல்வனாவான் என்பது அமெரிக்கர் அன்றாடம் ஓதிய புராணம். அதை அவர் பழிக்கவில்லை; எண்ணிப் பார்த்தார்! நியூபரிபோர்ட் என்னும் சிறு நகரத்துக் கூலிகளையும் அவர்தம் மைந்தரையும், 1850 முதல் 1880 வரை, குடிக்கணக்கு ஏடுகளில் பெயர் பெயராகத் தேடினார். 1964-இல் 'வறுமையும் முன்னேற்றமும்' வெளிவந்தது. அது காட்டிய உண்மை என்ன? கூலியின் மகன் பெரும்பாலும் கையுழைப்பைத் தாண்டவில்லை. ஊரில் நிலைத்தவருள் பலர் சிறு வீட்டுக்கு உரியவராயினர். ஆனால், அவ்வீட்டுக்கு விலையாகப் பிள்ளைகளின் படிப்பையே கொடுத்தனர். எஞ்சியோர் எத்தனையோ பேர் ஊரைவிட்டே போயினர், ஏட்டிலும் மறைந்தனர்.

நகரம், நகரத்து ஏழை, ஏழையின் பெயர் என்று மூன்று தலைமுறையில் ஆய்வு இறங்கி வந்த பாதை இது. ஆசான் சொன்னதையே மாணவன் திருப்பிச் சொல்லியிருந்தால் அந்தக் கூலிகளின் பெயர்கள் இன்றும் கணக்கேட்டிலேயே உறங்கிக் கிடக்கும். ஆசான் கேட்ட கேள்வியை வாங்கிக்கொண்டு, அவர் போகாத தெருவுக்கு நடந்தான் மாணவன். பிறப்புரிமை கேட்காத அச்சொத்துக்கு, சிந்திக்கத் துணிந்த நாம் ஒவ்வொருவரும் உரியவரே!