அச்சுப் படத்தை ஸ்கேன் செய்தால் அலைக்கோடுகள்: தவிர்ப்பது எப்படி?

குடும்ப வீடியோவுக்காகப் பழைய படங்களைத் தேடும்போது, பாட்டனாரின் அசல் போட்டோ பல வீடுகளில் கிடைப்பதில்லை. மதரஸா ஆண்டு விழா மலரிலோ பழைய பத்திரிகையிலோ அச்சான படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அதை ஸ்கேன் செய்து டிவியில் போட்டால், முகத்தின் மேல் அலை அலையாகக் கோடுகள் தெரியும். இதற்கு 'மொய்ரே' என்று பெயர். இது ஸ்கேனரின் பழுது அல்ல.

காரணம் என்ன?

போட்டோவில் நிறம் தொடர்ச்சியாக இருக்கும். அச்சில் அப்படியில்லை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்புள்ளிகள் வரிசையாக அமைந்தே படமாகின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரியும். ஸ்கேனரும் படத்தைக் கட்டம் கட்டமாகவே படிக்கிறது. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் அலைகள் தோன்றுவதைப் போல, இந்த இரு வரிசைகளும் மோதும்போது இல்லாத கோடுகள் உருவாகின்றன.

செய்தித்தாளில் அங்குலத்துக்குச் சுமார் 85 புள்ளி வரிசைகளும், வழவழப்பான தாளில் 133 முதல் 150 வரையும் இருக்கும். 150 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளிக்கு இரண்டு பிக்சல்கூடக் கிடைக்காது. 600 டிபிஐயில் செய்தித்தாள் புள்ளிக்குச் சுமார் 7 பிக்சலும், 150 வரிசைப் புள்ளிக்கு 4 பிக்சலும் கிடைக்கும்.

செய்ய வேண்டியவை

1. ஸ்கேனர் மென்பொருளில் 'டீஸ்கிரீன்' வசதி இருந்தால் அதை இயக்கி, செய்தித்தாள் அல்லது பத்திரிகை என்பதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

2. அந்த வசதி இல்லையென்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு 'காஸியன் பிளர்' மூலம் புள்ளிகள் மறையும் அளவுக்கு மட்டும் மென்மையாக்கி, அதன் பின்னரே படத்தைச் சிறிதாக்குங்கள். முதலில் சிறிதாக்கினால் கோடுகள் படத்தோடு ஒன்றிவிடும், நீக்குவது கடினம். கடைசியாகச் சற்றே 'ஷார்ப்பன்' செய்யலாம்.

3. கோடுகள் இன்னும் இருந்தால் தாளைச் சற்றுச் சாய்த்து வைத்து ஸ்கேன் செய்து, கணினியில் நேராக்குங்கள்.

4. பின்பக்க எழுத்துகள் தெரிந்தால், தாளின் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள்.

5. திரையில் 100 சதவீத அளவில் பாருங்கள். சுருக்கிப் பார்க்கும்போது தெரியும் கோடுகள் கோப்பில் இல்லாமலும் இருக்கலாம்.

அசல் போட்டோவுக்கு டீஸ்கிரீன் வேண்டாம். முகம் வீணாக மங்கிவிடும்.

வீடியோவில் சேர்க்கும்போது

4 அங்குல அகலப் படம் 600 டிபிஐயில் 2400 பிக்சல் வரும். 1920 பிக்சல் அகல எச்டி வீடியோவுக்கு இது போதும். படத்தை மெல்லப் பெரிதாக்கிக் காட்டினால் அளவு நொடிக்கு நொடி மாறும். மிச்சமுள்ள புள்ளிகள் மினுமினுக்கும். அத்தகைய படத்தை அசைக்காமல் காட்டுவதே நல்லது.

திருத்தாத முதல் ஸ்கேனை டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாகத் தனியே வையுங்கள். படத்தில் இருப்பவர் யாரென்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே, பெயரையும் ஆண்டையும் கேட்டுக் கோப்பின் பெயரில் எழுதிவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படும்.