பன்றி சொன்ன சாட்சி

திருவொற்றியூர்ல இருக்கும் என் பெரியப்பாவுக்கு ராயபுரத்தில் டயாலிசிஸ். மெஷினுக்குள்ள ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போடுவாங்க. "அது பெரும்பாலும் பன்றிக் குடல்லேர்ந்து எடுக்கறது பெரியப்பா"ன்னேன். முகத்தைச் சுளிச்சார். அப்புறம் இந்தக் கதையைச் சொன்னேன்.

2007 கடைசியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் டயாலிசிஸ் செய்துகொண்ட குழந்தைகளுக்குத் திடீர் ஒவ்வாமை. 2008 தொடக்கத்தில் பல ஊர்களிலும் அதே கதை. 81 மரணங்களுக்கு இதனோடு தொடர்பிருக்கலாம் என்றது அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. காரணம், சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் கலந்திருந்த ஒரு மலிவான ரசாயனம். அதுவும் ஓரளவு ரத்தம் உறைவதைத் தடுக்கும். அதனால் அன்றைய தரச்சோதனையில் பாஸ்! எங்க ஃபீல்டுல சொல்ற மாதிரி, டெஸ்ட் கேஸ் எழுதாத இடத்துலதான் பக்.

கலப்படத்தைக் கண்டுபிடிச்சாச்சு. ஆனா ஆளைச் சாய்த்தது அதுதானா? எம்.ஐ.டி.யின் ராம் சசிசேகரன் குழு பல விலங்குகளின் பிளாஸ்மாவைச் சோதித்தது. (இவர் அப்பா வி.சசிசேகரன், 1963-ல் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனோடு சேர்ந்து ராமச்சந்திரன் வரைபடத்தைத் தந்தவர்.) மனிதனைப் போலவே எதிர்வினை காட்டியது பன்றி. கலப்படத்தைப் பன்றிகளின் ரத்தத்தில் ஏற்றியதும் ரத்த அழுத்தம் சரிந்தது. சந்தேகம் தீர்ந்தது. அமெரிக்காவில் சோதனை விதிகளும் கடுமையாயின.

மருந்தைக் கொடுத்ததும் பன்றி; மருந்தில் கலந்த விஷத்தைக் காட்டிக் கொடுத்ததும் பன்றி. எங்க தெருவுல பன்னின்னு திட்டினா சண்டை வரும்!

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார்: "அப்போ விதி மாறறதுக்கு முன்னாடி போனவங்க?"

என்கிட்ட பதில் இல்லை.