பிளெனிம் போர்

பிளெனிம் போர் 1704 ஆகஸ்ட் 13 அன்று பவேரியாவில், டான்யூப் ஆற்றங்கரையில் ஹோக்ஷ்டெட் நகருக்கு அருகே நடந்தது. எசுப்பானிய வாரிசுரிமைப் போரின் (1701–1714) திருப்புமுனை இது. இங்கிலாந்து, நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மன் சிற்றரசுகள் சேர்ந்த நேச அணியில் சுமார் 52,000 வீரர்கள் இருந்தனர். பிரான்சும் பவேரியாவும் சேர்ந்த அணியில் ஏறத்தாழ 56,000 பேர்.

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பேரன் எசுப்பானிய அரியணை ஏறியதே பகைக்கு வித்து. பவேரியா பிரான்சின் பக்கம் சாய்ந்ததும் வியன்னா நகருக்கே ஆபத்து வந்தது. இங்கிலாந்தின் மார்ல்பரோ கோமகன் தம் படையை ரைன் ஆற்றுப் பகுதியிலிருந்து டான்யூபுக்கு ஐந்தே வாரங்களில், சுமார் 400 கிலோமீட்டர் நடத்தி வந்தார். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் கூடாரம் அடித்தார்கள். வழியில் ஹைடல்பெர்க்கில் ஒவ்வொரு வீரனுக்கும் புதுக் காலணி காத்திருந்தது. அக்காலப் படைகள் பசியாலும் நோயாலும் வழியிலேயே கரைந்துபோவது வழக்கம் என்பதால், இந்த ஏற்பாட்டைப் போர்க்களச் சாதனைக்கு இணையாகவே மதிக்க வேண்டும்.

களத்தில் பிரெஞ்சுத் தளபதி தல்லார் வலப்புறமும், மற்றொரு பிரெஞ்சுத் தளபதி மார்சானும் பவேரியக் கோமகனும் இடப்புறமும் நின்றனர். ஒரே அணியாக அல்ல, அக்கம்பக்கத்தில் நிற்கும் இரு தனிப் படைகளாகவே அவர்கள் போரிட்டனர். பிளெனிம் கிராமத்தின் மீதான நேசப்படைத் தாக்குதலில் பிரிகேடியர் ரோ, வேலியைத் தம் வாளால் தொட்ட பிறகே சுடலாம் என்று ஆணையிட்டு முன்சென்று வீழ்ந்தார். தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஆனால் பதற்றத்தில், கிராமத்தைக் காத்த பிரெஞ்சுத் தளபதி கிளெராம்போ பட்டாலியன்களை மேலும் மேலும் கிராமத்துக்குள் இழுத்துக்கொண்டார். இருபத்தேழு பட்டாலியன்கள் துப்பாக்கியைத் தூக்கக்கூட இடமின்றி அங்கே அடைபட்டன. நடுப்பகுதியில் காலாட்படை மெலிந்தது.

மார்ல்பரோ தாக்கியது அந்த நடுப்பகுதியைத்தான். நெபல் ஓடையைக் கடந்த அவரது படையும் ஓபர்கிளவ்ஹைம் அருகே தடுமாறியது. உடனே நேச அணியின் மறுபக்கத்தில் போரிட்ட ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜினிடம் குதிரைப்படை கேட்டார். தம் பக்கமே கடும் நெருக்கடியில் இருந்தும் யூஜின் தயங்காமல் அனுப்பிவைத்தார். அந்த நம்பிக்கையே நாளின் முடிவைத் தீர்மானித்தது. எதிரணியிலோ தல்லார் உதவி கேட்டபோது மார்சானால் கொடுக்க முடியவில்லை.

மாலைக்குள் தல்லார் சிறைப்பட்டார். கிளெராம்போ டான்யூபில் மூழ்கி இறந்தார். கிராமத்தில் சிக்கிய சுமார் 10,000 பேர் சரணடைந்தனர். நேசப்படையில் இறந்தோரும் காயமுற்றோரும் 12,000க்கு மேல். பிரெஞ்சு–பவேரியப் படை பாதிக்கு மேல் அழிந்தது.

வியன்னா தப்பியது. ஆக்ஸ்போர்டு அருகே மார்ல்பரோவுக்கு பிளெனிம் மாளிகை எழுந்தது. விலையைக் கொடுத்தவர்கள் பவேரியர். போருக்கு முந்தைய வாரங்களில் நேசப்படை அவர்களது கிராமங்களை நூற்றுக்கணக்கில் எரித்திருந்தது. போருக்குப் பின் ஆஸ்திரிய ஆக்கிரமிப்பு வந்தது. அதை எதிர்த்துக் கிளர்ந்த உழவர்கள் 1705 கிறிஸ்துமஸ் நாளில் மியூனிக்கை ஒட்டிய சென்ட்லிங்கில் கொன்று குவிக்கப்பட்டனர்.