வழுக்கியாறும் அதன் மீன்களும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்பது சிறு வகுப்புக்களிலேயே நமக்குப் போதிக்கப்பட்ட பாடமாகும். சுண்ணக்கற் பாறைமீது படிந்துள்ள மண்ணிலே விழும் மழைநீர் ஓடத் தொடங்குமுன்னரே நிலத்தினுள் இறங்கிவிடுகின்றது. கிணறே இந்நாட்டின் ஆறு எனின் அது மிகையாகாது. ஆயினும் இப்பாடத்திற்கு ஒரு விலக்கு உண்டு. தெல்லிப்பழைப் பக்கத்திலே தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை ஆகிய ஊர்களின் வயல்வெளிகளைத் தழுவிச் சென்று, அராலியிலே கடனீரேரியோடு கலக்கும் வழுக்கியாறே அது. நீளம் பதினைந்து, பதினாறு கிலோமீற்றர் மாத்திரமே. வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஆறாகவும், மற்றைய மாதங்களிற் குளங்களும் மடுக்களும் கோத்த ஒரு வரண்ட பள்ளமாகவும் அது காட்சி தரும். கோடையில் அதனைக் கடந்து செல்லும் வழிப்போக்கர் தாம் ஓர் ஆற்றைக் கடந்ததையே அறியார்.

இச்சிற்றாற்றின் கரையிலேதான் குடாநாட்டின் மிகப் பழைய குடியிருப்புக்களுள் ஒன்றான கந்தரோடை அமைந்துள்ளது. போல் பீரிஸ் அவர்கள் 1917ஆம் ஆண்டையடுத்து அங்கு மேற்கொண்ட ஆய்வுகளும், 1970இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வும் அவ்வூரின் தொன்மையை வெளிப்படுத்தின. உரோம நாணயங்களும் பிறநாட்டு மட்கல ஓடுகளும் அங்கே கிடைத்துள்ளன. கடனீரேரியிலிருந்து உள்நாட்டிற்குச் செல்ல இவ்வாற்றுப் பள்ளம் ஒரு வழியாக உதவியிருக்கலாம் எனக் கருதுவதற்கு இடமுண்டு. மக்கள் இங்கு குடியேறியமைக்கு மண்ணும் நீரும் காரணம் என்று எழுதும் நாம், அந்நீரிலே வாழ்ந்த மீனை மறந்துவிடுகின்றோம். சங்கப் புலவர்கள் அதனை மறந்தாரல்லர். மருதத்திணையைப் பாடியவிடத்து விராலும் கெண்டையும் வாளையும் வயலிலே துள்ளுவதை அவர்கள் காணத் தவறவில்லை.

ஆண்டிற் பாதிக்கு மேல் நீரற்றுக் கிடக்கும் ஓர் ஆற்றில் மீன் எங்ஙனம் வாழும் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. விரால், பனையேறிக் கெண்டை முதலியன நீரிலே கரைந்த காற்றை மாத்திரம் நம்பி வாழ்வன அல்ல. மேலே வந்து வெளிக்காற்றையும் நேரே உட்கொள்ளவல்லன. கோடை முற்றும்போது அவை ஆழமான மடுக்களிலும் குளங்களிலும் ஒதுங்கும். அவையும் வற்றினால் ஈரச் சேற்றினுட் புதைந்து காத்திருக்கும். முதல் வெள்ளம் வந்ததும் நீரை எதிர்த்து ஏறி, வெள்ளம் பரவிய வயல்களிலும் கரையோரக் கோரைகளுக்கிடையிலும் முட்டையிடும். மடு, வாய்க்கால், வயல் ஆகிய மூன்றும் தடையின்றித் தொடர்பு பெற்றிருந்தாலன்றி இவ்வாழ்க்கை நிறைவு பெறாது.

இவ்வியல்புகள் ஐரோப்பியரைப் பெரிதும் வியக்கச் செய்தன. தரங்கம்பாடியில் இருந்த தல்டோர்வ் என்னும் தேனிய படையதிகாரி, 1791இற் பனைமரமொன்றில் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மீன் ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797இல் இலண்டனில் வெளிவந்தது. இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் 1861இல் வெளியிட்ட நூலிலே, வற்றிய குளங்களின் மண்ணை வெட்டி ஊர்மக்கள் மீன் எடுப்பதையும், மழையின் பின் மீன்கள் புல்தரை வழியே நகர்வதையும் விரிவாக எடுத்துரைத்தார். மீன் பனையேறிற்று என்பதை அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். அதற்குப் பனையேறி என்று பெயரிட்டழைத்த நம்மவர் அவ்விவாதத்தை அறிந்திருப்பின் நகைத்திருப்பர்!

ஆனால் நீர் பற்றிய அரசாங்கச் சிந்தனை வேறு திசையிலே சென்றது. யாழ்ப்பாணத்தின் அரசாங்க அதிபராயிருந்த துவைனம் 1879இலேயே கடனீரேரிகளை நன்னீராக்குதல் பற்றிப் பேசினார். 1954இற் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர்த் தேக்கமாக்கி, அந்நீரை வடமராட்சிக்குக் கொணரும் திட்டத்தை வகுத்தார். 'யாழ்ப்பாணத்திற்கோர் ஆறு' என்பது அதற்கு வழங்கிய பெயர். இருந்த ஆற்றைப் பற்றி எவரும் அத்துணை ஆர்வத்தோடு பேசியதாகத் தெரியவில்லை. உவரை வெளியே நிறுத்துக, நன்னீரை உள்ளே தேக்குக என்பதே இத்திட்டங்களின் உயிர்நாடி. அராலியில் வழுக்கியாற்றின் வாயிலே நிற்கும் தடுப்பணையும் அக்கொள்கையின் வழிவந்ததே. வட்டுக்கோட்டை, அராலிப் பகுதி வயல்களுக்கும் கிணறுகளுக்கும் உவர் பெரும்பகை. இதனை அறிந்தவர் எவரும் அவ்வணையை உடைத்துவிடுக எனக் கூறார். ஆயினும் உவருக்கு இட்ட தடை மீனுக்கும் தடையாகின்றது. விலாங்கு கடலிலே பிறந்து நன்னீருக்கு ஏறி வளர்வது. திரளி முதலியன உவரும் நன்னீரும் கலக்குமிடத்தே இரை தேடுவன. கதவு மூடியிருக்கும் நாளெல்லாம் இவற்றுக்கு வழியில்லை.

இரண்டாவது இடர் நன்னோக்கத்தோடு செய்யப்படும் தூர்வாரலால் விளைவது. ஆற்றைத் திருத்துதல் என்றால் இயந்திரத்தைக் கொண்டு கரையை வழித்து, வளைவை நேராக்கி, அடியைச் சமப்படுத்தல் என்றே நாம் பொருள் கொண்டுவிட்டோம். வெள்ளம் விரைந்து வடிய அது உதவும். ஆனால் மடு மறைந்தால் மீனுக்குக் கோடையில் ஒதுங்க இடமில்லை. தாழையும் கோரையும் அகன்றால் நிழலுமில்லை, குஞ்சுக்கு மறைவுமில்லை. விரைந்து வடியும் நீர் நிலத்தடிக்கும் குறைவாகவே இறங்கும் என்பதைக் கிணற்றை நம்பி வாழும் நாம் எண்ணிப் பார்த்தல் தகும். தென்மார்க்கிலே இத்தவறு பெரிய அளவில் நிகழ்ந்தது. அங்குள்ள ஸ்கேர்ன் ஆற்றின் கீழ்ப்பகுதியை 1960களில் வேளாண்மைக்காக நேர்க்கோடாக்கினர். பின்னர் 1999 முதற் சில ஆண்டுகள் பெரும்பொருள் செலவிட்டு, அதே ஆற்றுக்கு மீண்டும் வளைவுகளை வெட்டினர். அதன் பயன்களுள் ஒன்றாக எதிர்பார்க்கப்பட்டது அவ்வாற்றுக்குரிய சாமன் மீனின் நலம். வழுக்கியாற்றின் வளைவுகளை இன்று விட்டுவைப்பதற்கு அத்தகைய செலவு எதுவுமில்லை.

மீன் பெருகவேண்டுமென்று அயல்மீனை விடுவதும் தீர்வாகாது. 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா ஏழைகளின் உணவுத் தட்டை நிரப்பியது உண்மை. அதனை இகழ்தல் நன்றியன்று. ஆயினும் பெரிய குளங்களுக்குப் பொருந்திய மீன் சிற்றாற்றுக்கும் பொருந்தும் என்பதில்லை. கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமட என்னும் இடத்திலே, வயல்களுக்கும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் இடையே ஓடும் ஒரு சிற்றோடையிற் காணப்பட்ட சிறு மீனொன்று 1991இற் புதிய இனமாக விவரிக்கப்பட்டுப் 'பந்துல' என்னும் பெயர் பெற்றது. ஓடையொன்றின் கரையைப் பேணுதல் ஓர் இனத்தையே பேணுதலாகும் என்பதை இலங்கை அதன் வாயிலாக அறிந்தது. வழுக்கியாற்றின் விராலும் கெண்டையும் அத்தகைய அரிய இனங்களல்ல. இவை வன்னியிலும் உண்டு, தமிழகத்திலும் உண்டு. எனினும் குடாநாட்டிலே ஆற்றோடு ஏறி ஆற்றோடு இறங்கும் மீன்வாழ்க்கைக்கு வேறு களம் இல்லை.

செய்யவேண்டியவை பெரியன அல்ல. தூர்வாரும்போது ஆழமான மடுக்களைத் தெரிந்தெடுத்துத் தொடாது விடலாம். இரு கரைகளையும் ஒரே ஆண்டில் வழிக்காது, ஒரு கரையை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கலாம். ஆற்று நீர் மிகுந்து உவர் உட்புக இயலாத நாட்களிலே தடுப்பணைக் கதவொன்றைச் சிறிதளவு திறந்து வைக்கலாம். இவற்றுக்குப் பொருளைவிட உடன்பாடே பெரிதும் வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம், பிரதேச சபைகள் எனப் பல கைகளிலே நீர் பங்கிடப்பட்டுள்ளது. மீன் எவருடைய பங்கிலும் தெளிவாக இல்லை. அதனைப் பேசுவதற்கு ஏற்ற இடம் காலபோக விதைப்பிற்கு முன்னர் கமக்காரர் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டமே எனத் தோன்றுகின்றது. விதைக்கும் நாளும் கால்நடை கட்டும் நாளும் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. கதவு திறக்கும் நாளையும் அங்கேயே குறிக்கலாம்.